மகளின் பொறியியல் படிப்புக்கு நாங்கள் போட்ட கடன் கணக்கு

2023 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு அலைபேசி ஓயவில்லை. பொறியியல் சேர்க்கைக்கான மகளின் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு 171. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு தொடங்க இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்த நிலையில், ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து பேசியவர்கள், ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் கட்டணத்தில் கணினி அறிவியல் இடம் தருவதாகவும், ஒரு வாரத்திற்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்டினால்தான் அந்த இடம் உறுதி என்றும் கூறினார்கள். "கடன் வாங்கிக்கலாம், எல்லாரும் அப்படித்தான் படிக்க வைக்கறாங்க" என்று அவர்களே வழியும் சொன்னார்கள்.

என் கணவர் கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். நான் எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அசல், வட்டி, தவணை என்பவை எனக்குப் புதியவை அல்ல. ஆனால் கல்விக் கடனின் கணக்கு குழுக் கடனைப் போன்றதன்று என்பது வங்கிக்குப் போன பிறகுதான் புரிந்தது. படிக்கும் நான்கு ஆண்டுகளும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றதும் என் கணவருக்கு நிம்மதி. எனக்கு உறுத்தியது வேறொன்று: தவணைதான் இல்லையே தவிர, பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும், அது பின்னர் அசலோடு சேரும்.

அன்றிரவு தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் நானும் மகளும் கணக்குப் போட்டோம். ஆண்டுக்கு மூன்று இலட்சமாக நான்கு முறை வாங்கினால் அசல் 12 இலட்சம். வங்கியில் சொன்ன வட்டி 10.5 சதவீதம். முதல் ஆண்டுப் பணத்திற்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, கடைசியாக இரண்டு என்று கூட்டியதில் வட்டி மட்டும் 4,41,000 ரூபாய் வந்தது. ஆக 16,41,000 ரூபாயைப் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை 22,140 ரூபாய்க்குச் சற்று மேல். வளாகத் தேர்வில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் சம்பளம் கிடைப்பதாக அந்தப் பல்கலைக்கழகத்தாரே பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். பிடித்தம் போக மாதம் 26,000 கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டாலும், பெங்களூரிலோ சென்னையிலோ அவள் அறை வாடகை கொடுத்துச் சாப்பிட மிஞ்சுவது நாலாயிரத்துக்கும் குறைவு. மகள் அந்தத் தொகையைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டாள். எதுவும் பேசவில்லை.

ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணையம் வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. எங்களிடம் இருப்பது மாமனார் கட்டிய வீடு ஒன்றுதான். அதுவும் கணவர் பெயரும் அவருடைய அண்ணன் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்குப் போனபோது, "படிப்புக்குன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. முன்பணம் கட்டாமலே அந்த வாரம் கடந்தது. மாமியாருக்குத்தான் பேத்தியின் நல்ல இடம் கைவிட்டுப் போகிறதே என்று மனத்தாங்கல்.

ஆகஸ்டில் கலந்தாய்வின் இரண்டாம் சுற்றில், காவிரியைத் தாண்டி நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியில், அவள் கேட்ட கணினி அறிவியல் அல்ல, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு கிடைத்தது. அரசு ஒதுக்கீட்டு இடம் என்பதால், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு அரசு நிர்ணயித்த 55,000 ரூபாய்தான் ஆண்டுக் கட்டணம். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்றவர் எவரும் இல்லாததால், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டி அதிலும் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டோம். கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 3,60,000 ரூபாய் கடன் போதும் என்று முடிவு செய்தோம். நான்கு இலட்சம் வரை பிணையமும் இல்லை, கைப்பணமாக நாம் போட வேண்டிய பங்கும் இல்லை.

கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யா லட்சுமி இணையதளத்தில் அப்போது ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்ப முடிந்தது. அனுப்பினோம். வீட்டுக்கு அருகில் இருக்கும் கிளையில், எங்கள் முகவரி அவர்களுடைய சேவைப் பகுதிக்குள் வரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அந்தக் காரணத்திற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டு, மறுப்பை எழுத்தில் தருமாறு கேட்டு மனு கொடுத்தேன். பத்து நாள் கழித்து அழைத்தார்கள். பிறகு என் கணவரின் சிபில் விவரத்தை, அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்ற பதிவைப் பார்த்து, நகைக்கடன் ஒன்றில் இரண்டு தவணை தாமதமானதைக் கேட்டார்கள். அடைத்த ரசீதைக் காட்டினேன். அவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட, அக்டோபரில் முதல் ஆண்டுக் கட்டணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போனது. அதுவரை ஆன செலவுக்குக் குழுவில் நானே கடன் வாங்கியிருந்தேன்.

கேட்காமல் எவரும் சொல்லாத ஒன்று வட்டி மானியம். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ உரிய தர அங்கீகாரமும் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் அது. வருமானச் சான்றைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னோம். மானியம் முழுதாக வந்தால் பத்து ஆண்டுத் தவணை மாதம் 4,860 ரூபாய். ஒன்றும் வராவிட்டால் 6,640. வராது என்று வைத்தே நான் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் பட்டியலையும் கல்லூரி தரும் கட்டண விவரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அடுத்த தொகையை விடுவிக்கிறார்கள். இப்போது அந்த வேலையை மகளே பார்த்துக்கொள்கிறாள். அவள் வட்டம் போட்ட தாளைக் குழுப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன். தம்பி அடுத்து வருகிறான்; முதல் பட்டதாரிச் சலுகையை அக்காள் பயன்படுத்திவிட்டதால் அவனுக்கு அது கிடையாது. அவனுக்கான தாளில் அந்தத் தொகையைக் கழிக்காமலே தொடங்கியிருக்கிறோம்.