பாட்டாவோட ஈசி நம்பர் கெசட்ல கிடைச்ச கதை

எங்க பாட்டா 1964-ல ஆர்மில ஆபீசரா சேர்ந்தவரு. வயசு எண்பது தாண்டியாச்சு, தக்கலை பக்கம் எங்க கூடத்தான் இருக்காரு. 1962 சீனா சண்டைக்கு அப்புறம் ஆபீசருங்க பத்தலன்னு எமர்ஜென்சி கமிஷன் (அவசரத்துக்கு ஆபீசரா எடுக்கறது, சுருக்கமா ஈசி) குடுத்தாங்கல்ல, அதுக்காகவே 1963-ல பரங்கிமலைல ஓடிஎஸ்னு ஆபீசர் டிரெய்னிங் ஸ்கூல் தொடங்குனாங்க, அங்க டிரெய்னிங் முடிச்சு செகண்ட் லெப்டினன்ட் ஆனவரு. அஞ்சு வருஷம் போல இருந்துட்டு ரிலீஸ் ஆகி வந்துட்டாரு. பென்ஷன் கிடையாது, பென்ஷன் இல்லன்னா ஈசிஹெச்எஸ்ங்கற முன்னாள் ராணுவத்துக்காரங்க மருத்துவ திட்ட கார்டும் கிடையாதுன்னு நாங்களே முடிவு பண்ணி விட்டுட்டோம். 2019-லயே எமர்ஜென்சி கமிஷன், ஷார்ட் சர்வீஸ் ஆபீசருங்களுக்கும் கார்டு உண்டுன்னு ஆர்டர் போட்டாச்சு, அது எங்க காதுல விழுந்ததே பாட்டாவுக்கு முட்டு ஆபரேஷன் பேச்சு வந்தப்பதான்.

கார்டுக்கு எழுதி போடணும்னா சர்வீஸ் பேப்பர் வேணும். 2017 நவம்பர் 30 ஓகி புயல்ல எங்க வீட்டு அயனி மரம் அப்படியே ஓட்டு மேல சாஞ்சுது, மச்சுல இருந்த டிரங்கு பெட்டிக்குள்ள ராத்திரி பூரா மழை, பொறவு யாரும் அத தொறந்தும் பாக்கல. இப்ப தொறந்தா மேல இருந்ததெல்லாம் கூழாகி காஞ்சு கட்டியா கிடக்கு, அடில சிதல் அரிச்ச மண்ணு. மிச்சம் ஒரு குரூப் போட்டோவும் தொப்பில குத்துற பேட்ஜும் தான். உங்க ஆர்மி நம்பர் என்ன பாட்டான்னு கேட்டா, "ஈசின்னு தொடங்கும்லே மக்கா, பொறவு அஞ்சு நம்பர், மொத நம்பர் அஞ்சு" அவ்வளவுதான் ஓர்மை.

மொதல்ல நான் பண்ணுனது முட்டாத்தனம். பாட்டா இருந்தது மெட்ராஸ் ரெஜிமென்ட், அதுவும் 9 மெட்ராஸ், 1704-ல நம்ம பத்மநாபபுரத்துல தொடங்குன திருவிதாங்கூர் படைதான் அது, அரமனை எங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரம். அந்த பெருமைல நேரா வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு பேரையும் வருஷத்தையும் எழுதி போட்டேன். ஜவான், ஜேசிஓ (சுபேதார் மாதிரி ரேங்க்) ரெக்கார்டு தான் அங்க, ஆபீசருங்க ஃபைல் எல்லாம் டெல்லி ஆர்மி தலைமை ஆபீஸ்ல அட்ஜுடன்ட் ஜெனரல் பிராஞ்ச்லன்னு பதில் வந்துது. சித்தப்பா கூட ஆர்மிதான், ஹவில்தாரா ரிட்டயர் ஆனவரு, அவரு படிச்சு படிச்சு சொன்னாரு, லேய் டெல்லிக்கு நம்பர் இல்லாம எழுதாத, ஒரே பேருல பத்து பேரு இருப்பான்னு.

நம்பருக்கு எங்க போக? ஆர்மி லிஸ்ட்னு ஒண்ணு உண்டு பாருன்னு ஒரு கூட்டாளி சொன்னான். நெட்ல ஸ்கேன் போட்டு வச்சிருக்கான், ரெஜிமென்ட் வாரியா ஆபீசர் பேரு, ரேங்க், தேதி எல்லாம் இருக்கு, ஆனா நான் பாத்தது பூரா 1947-க்கு முன்ன உள்ளது. வெள்ளக்காரன் காலத்து ஆபீசர் வீட்டுக்காரங்களுக்கு அது பொக்கிஷம், எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம். சுதந்திரத்துக்கு பொறவு உள்ளவங்களுக்கு இந்திய அரசு கெசட், அதாவது அரசிதழ் தான், அதுல பாகம் 1, பிரிவு 4. ராணுவ மந்திரி ஆபீஸ் போடுற ஆபீசர் நியமனம், பிரமோஷன் எல்லாம் அந்த பிரிவுலதான் வரும்.

பழைய கெசட்டும் ஸ்கேன் பண்ணி நெட்ல கிடக்கு. சனிக்கெழம சனிக்கெழம வந்தது, வருஷத்துக்கு அம்பத்திரெண்டு. மொத பிடிஎஃப் தொறந்ததும் மேல 1886-ன்னு இருக்கு, இதென்ன எளவு விக்டோரியா ராணி காலமான்னு மூடிட்டேன், பொறவுதான் தெரிஞ்சுது அது சக வருஷம், நம்ம அரசு காலண்டர் கணக்கு, பக்கத்துலயே 1964-ன்னும் இருக்கு. பேரப் போட்டு தேடுனா வராது. ஸ்கேன் மங்கல், எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கும், அதோட பாட்டா பேருல ஒரு 'ழ' இருக்கு, நாங்க இசட் ஹெச் போட்டு எழுதுவோம், அவன் வெறும் எல் போட்டு வச்சிருக்கான், இனிஷியல விரிச்சு அப்பா பேரயும் பின்னால ஒட்டிட்டான். அதனால தேடுறவங்க பேர விட்டுட்டு தேதிய பிடிங்க. பாஸிங் அவுட் எப்பன்னு கேட்டா பாட்டாவுக்கு தேதி தெரியல, ஆனா பாட்டி சட்டுனு சொன்னாவ, "எங்க நிச்சயத்துக்கு மறுமாசம் லா, ஒரே மழ"ன்னு. சரி ஜூன்னு வச்சு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பூரா பாத்தேன், ஒண்ணும் இல்ல. கெசட்ல அச்சாகி வர நாள் ஆகும்னு எனக்கு தோணவே இல்ல. ஒவ்வொரு சனிக்கெழமையா பொறவால போனேன், ஏழு மாசம் தள்ளி ஒரு இதழ்ல நீள பட்டியல், நம்பர், பேரு, நம்பர், பேருன்னு, நடுவுல எங்க பாட்டா. ஈசி, அஞ்சு நம்பர், மொத நம்பர் அஞ்சேதான்.

அந்த பக்கத்த மட்டும் கொண்டு போயி கார்டு கேட்க முடியாது, கேட்டியளா. கமிஷன் கிடைச்சுதுன்னுதான் அது சொல்லும், எப்ப ரிலீஸ் ஆனாருன்னு சொல்லாது. அந்த நம்பர போட்டு, கெசட் பக்கத்து காப்பியும், பேரு ரெண்டு மாதிரி இருக்கறதுக்கு ஒரு அஃபிடவிட்டும் சேத்து டெல்லிக்கு ரெஜிஸ்டர் தபால் அனுப்புனேன், நாலு மாசத்துல சர்வீஸ் விவரம் வந்துது. கார்டுக்கும் போட்டாச்சு, அது சாதா ஆன்லைன் வேலைதான்.

பிரிண்ட் எடுத்து பாட்டா கைல குடுத்த அன்னைக்கு அவரு பேர தேடவே இல்ல. லென்ஸ வச்சு மேல இருந்து ஒவ்வொரு பேரா விரல் வச்சு படிச்சாரு. இவன் கோட்டயத்துக்காரன், இவன் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில், இவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்லிட்டே வந்தவரு ஒரு பேருல விரல எடுக்காம நிப்பாட்டிட்டாரு. "இவன் அறுவத்தஞ்சு சண்டைல போயிட்டான்லே." அதுக்கு கீழ ரெண்டு வரி தள்ளிதான் அவரு பேரு. அத பாக்காமலே அடுத்த பக்கம் எங்கன்னு கேட்டாரு, நான் அந்த ஒரு பக்கந்தான் பிரிண்ட் எடுத்திருந்தேன், திரும்ப வண்டிய எடுத்துட்டு தக்கலைக்கு போனேன்.