கிரியான் ஆற்று முச்சந்தி: ஒருவழியாக மாட்டியது

மாநில எல்லைகள் சேருகிற புள்ளிகளைத் தேடிப்போய்த் தொடுவது எங்கள் பொழுதுபோக்கு. மலேசியாவின் கெடா, பேராக், பினாங்கு மூன்று மாநிலங்களும் கிரியான் ஆற்றில் முட்டுகிற புள்ளி கையில் சிக்கிவிட்டது. பக்கத்திலேயே நிபோங் திபாலில் இருந்துகொண்டு இதை முடிக்கவில்லையே என்று கிண்டலடித்த கூட்டாளிகள் இனி வாயைத் திறக்க முடியாது.

பாடாய்ப் படுத்தியது டேட்டம்தான், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எந்த அடிப்படையில் அளந்தார்கள் என்பது. என்னிடம் இருப்பது ஜூபெம் எனும் நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘கெர்தாவ் 1948’ என்று அதன் டேட்டம் இருக்கும். போனுக்குத் தெரிந்தது ஜிபிஎஸ்ஸின் டேட்டமான டபிள்யூஜிஎஸ் 84. தாளின் எண்களை அப்படியே தட்டினால் புள்ளி கிழக்கே நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். மலையில் என்றால் முகட்டைப் பார்த்துச் சமாளிக்கலாம். ஆற்றில் அது கரையேறிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் நிற்கும். ஜிபிஎஸ் கைக்கருவியில் முதலில் டேட்டத்தைக் கெர்தாவுக்கு மாற்றணும், பிறகு எண்களைத் தட்டிச் சேமிக்கணும், கடைசியில்தான் டபிள்யூஜிஎஸ். தட்டிச் சேமித்த பிறகு மாற்றினால் எண்தான் மாறும், புள்ளி இம்மியும் அசையாது. நம்மூர்ச் சந்தி ஒன்றை இப்படிப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

அடுத்தது ஆறு. வளைவின் உள்பக்கம் மண் மேடிட்டு நிப்பாப் பனை முளைத்திருக்கிறது, எதிர்க்கரை அறுத்துக்கொண்டே போகிறது. ஆறு மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், திடீரென்று புதுத் தடம் வெட்டினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும் என்பது உலக வழக்கம். இங்கே மெல்ல நகர்ந்ததுதான் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்களுக்காகத் தாள் புள்ளி, இன்றைய நடுநீர் இரண்டையும் தொட்டுவிட்டேன்.

நீரேற்றமும் வற்றமும் மாறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சம்பான் படகு ஒரே இடத்தில் நிற்கும். மற்ற நேரத்தில் கருவி இருக்கும் இடத்தைப் பலமுறை அளந்து சராசரி எடுப்பதற்குள் மாநிலம் மாறிவிடும். படகோட்டி பாக் சிக், ஊடாங் காலா எனும் பெரிய ஆற்று இறால் பிடிக்கிறவர். “இறால் இருக்கிற இடம் எனக்குத் தெரியும், உன் கோடு எங்கப்பா இருக்கு?” என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். போன் நனையாமல் இருக்கப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் பிளாஸ்டிக் உறையே போதும். ஆன்லைனில் விலை கொடுத்து வாங்கியது மடிப்பில் பிரிந்துவிட்டது.

பாக்கி தரைப்பக்கம். 1800 ஒப்பந்தத்தில் கெடா பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுத்து, இன்று பினாங்கோடு இருக்கிற கரை கோல மூடாவிலிருந்து கோல கிரியான் வரை. 1874 பங்கோர் ஒப்பந்தம் ஆற்றுக்குத் தெற்கேயும் ஒரு துண்டை அதோடு சேர்த்தது. அதனால் பினாங்கு–பேராக் கோடு ஆற்றை விட்டுக் கரையேறுகிறது. அங்கே எல்லைக்கல் தேடணும், லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது.

அதற்குள் மனசு தஞ்சோங் மாலிம் பக்கம் போய்விட்டது. 1825லேயே பேராக்–சிலாங்கூர் எல்லையாக வைத்த பெர்னாம் ஆற்றைப் பிடித்துத் தித்திவங்சா மலைத்தொடரில் ஏறினால் பகாங்கும் சேர்கிற புள்ளி. வனத்துறை அனுமதி வேண்டும். சேர்ந்து வருகிறவர்கள் சொல்லுங்கள், ஒரே விண்ணப்பமாகப் போட்டுவிடலாம்.