ரெயின்கார்டும் மண்புழுவும்

போன வாரம் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துல உள்ள நம்ம விளையில, அதாவது ரப்பர் தோட்டத்துல, ரப்பர் முடியுற வரம்புல நாலு ஏத்தன் வாழைக் கன்னு வைக்கலாம்னு மம்பட்டியப் போட்டேன். ரெண்டாவது வெட்டுலயே மண்ணுக்குப் பதிலா பிளாஸ்டிக்குதான் வந்துச்சு. பழைய ரெயின்கார்டு. எடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னாடி ரப்பர் மரத்துல தார் மாதிரி பசை வச்சு பாவாடை மாதிரி ஒட்டுவாங்கல்லா, மழையிலயும் பால் வெட்டணும்னு, அதேதான். ஒரு ஓரத்துல தார் அப்படியே இருக்கு, மறு ஓரம் வெயில் பட்டுப் பட்டு அப்பளம் மாதிரி ஆயிருச்சு, விரலால தொட்டா நொறுங்குது.

அதுக்கு அடியில நல்ல கொழுத்த மண்புழு ஒண்ணு சுருண்டு கெடக்கு. சாகல. பக்கத்துல அது போட்ட எச்சம், ஈரமா சின்னச் சின்ன உருண்டை. ஒண்ண எடுத்து விரலுக்கு நடுவுல வச்சு நசுக்கினேன், உள்ள நகத்த வெட்டிப் போட்ட மாதிரி பளபளன்னு ரெண்டு தூள். மண்ணோடது இல்ல.

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் குடும்ப குரூப்புல ‘மைக்ரோபிளாஸ்டிக்கால மண்புழு இனமே அழியுது’ன்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. மைக்ரோபிளாஸ்டிக்னா பிளாஸ்டிக் நொறுங்கி வர்ற இந்த மாதிரி பொடிப்பொடித் தூள்தான். பால் வெட்ட வர்ற அண்ணன்கிட்ட சொன்னா அவரு சிரிக்காரு, “எங்க அழியுது? மழை பெஞ்சா காலு வைக்க எடமில்ல.” ரெண்டு பேர்ல யாரு சொல்றது சரின்னு பாக்க மூணு நாலு ராத்திரி உக்காந்து படிச்சேன்.

எல்லாரும் முதல்ல காட்டுறது 2016ல நெதர்லாந்து வாகனிங்கன் பல்கலைக்கழகத்து ஆளுங்க செஞ்ச ஆராய்ச்சி. இலைச்சருகோட பாலித்தீன் தூளக் கலந்து 60 நாள் மண்புழுவுக்குக் குடுத்தாங்க, சருகுல 28, 45, 60 சதவீதம் பிளாஸ்டிக் இருந்த பெட்டியில சாவு கூடுச்சு, வளர்ச்சி கொறஞ்சுச்சு, ஆனா இனப்பெருக்கத்துல பெருசா வித்தியாசம் தெரியல. இதப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, உள்ளதச் சொல்றேன். நூறு கிராம் சருகுல 28 கிராம் பிளாஸ்டிக்கா, எந்த விளையில இருக்கு அப்படி, சாப்பாட்டுல கால்வாசி பிளாஸ்டிக் போட்டா நாமளும்தான் சாவோம்னு நெனச்சேன்.

அப்புறம் திரும்பப் படிச்சப்பதான் கண்ணுல பட்டுச்சு, புழு அதக் கீழ இழுத்துட்டுப் போய் மொத்த மண்ணோட கலந்தா, சருகுல 7 சதவீதம் போட்ட பெட்டியில இருந்து 60 சதவீதம் போட்டது வரைக்கும் கணக்கு 0.2ல இருந்து 1.2 சதவீதம்தான் வரும்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதாவது கிலோவுக்கு 2 கிராம்ல இருந்து 12 கிராம். என் சிரிப்பு அங்க நின்னுச்சு.

2019ல இங்கிலாந்துல இன்னும் கம்மியா, கிலோ மண்ணுக்கு 1 கிராம் போட்டுப் பாத்திருக்காங்க. 30 நாள்ல பிளாஸ்டிக் இல்லாத மண்ணுல புழு எடை சுமார் 5 சதவீதம் கூடியிருக்கு, கெட்டியான பாலித்தீன் போட்டதுல சுமார் 3 சதவீதம் கொறஞ்சிருக்கு. மெலிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அதே வருஷம் ஆஸ்திரேலியாவுல நகராட்சிக் குப்பையில இருந்து செஞ்ச எருவுல வர்ற பிளாஸ்டிக்க வச்சு கோதுமை, மண்புழு எல்லாத்துலயும் பாத்துட்டு பெருசா பாதிப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் உருண்டை போடுறாரு, ஒருத்தர் தூள் போடுறாரு, பிளாஸ்டிக் வேற, புழு வேற, மண்ணு வேற, முடிவு மட்டும் ஒண்ணா எப்படி வரும்?

அதுலயும் வாகனிங்கன்காரங்க எடுத்த புழு லும்ப்ரிகஸ், ஐரோப்பாக்காரன். ரப்பர் விளையில நெறயக் கெடக்குறது பொன்டோஸ்கோலெக்ஸ்னு தென் அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு இனம், ரப்பர் மரமும் அந்தப் பக்கத்துல இருந்து வந்ததுதான், நல்ல சொந்தக்காரங்க. ஐரோப்பாப் புழுவோட கணக்க அப்படியே எடுத்து நம்ம விளையில ஒட்டுறது எனக்கு ஒத்துக்கல.

எனக்கு இப்போ தோணுறது, செத்துச்சா சாகலையான்னு கேக்குறதே தப்புக் கேள்வி. 2017ல பெர்லின்ல ரில்லிக்னு ஒரு மண் ஆராய்ச்சியாளரோட குழு வேற ஒண்ணு பாத்தாங்க. மேல போட்ட பிளாஸ்டிக் மணியப் புழு எவ்வளவு ஆழத்துக்குக் கொண்டு போகுதுன்னு. கொண்டு போகுது, அதுலயும் இருக்குறதுலயே சின்ன மணிதான் ரொம்ப ஆழத்துக்குப் போயிருக்கு. அண்ணன் சொன்ன மாதிரி புழு நல்லாத்தான் இருக்கு, நல்லா இருக்குறதாலதான் என் ரெயின்கார்டப் பொதைச்சுக்கிட்டு இருக்கு. கைக்கு எட்டுற எடத்துல கெடந்தத இனி மம்பட்டி போட்டாலும் எடுக்க முடியாது.

ஒரு கிலோ மண்ண எடுத்து வாளித் தண்ணியில கலக்கி, மெதந்தத தேயிலை வடிகட்டியில அரிச்சுக் காயவச்சு அடுக்களைத் தராசுல வச்சேன். 1 கிராம்னு காட்டிட்டு 0க்குப் போச்சு, மறுபடி 1. வடிகட்டியில நின்னது மட்டும்தான் அது, கீழ போனது எவ்வளவோ. அடுக்களையில அந்த வடிகட்டியப் பாத்து எனக்குக் கெடச்ச ஏச்சு தனிக் கதை.

இந்த வருஷத்து ரெயின்கார்ட கழட்டுறப்ப கீழ விடாம சாக்குல கட்டித் தாங்கன்னு அண்ணன்கிட்ட சொன்னேன், மரத்துக்கு இவ்வளவுன்னு கூலி கூடக் கேட்டாரு, செரின்னேன். தரையில கெடந்த பழசையும் நானே பெறக்கி ரெண்டு சாக்கு கட்டினேன். பழைய சாமான் எடுக்குற ஆக்கர்காரரு வந்து பாத்தாரு, தார் ஒட்டியிருக்கு, வேண்டாம்னு வச்சுட்டுப் போயிட்டாரு. சாக்கு ரெண்டும் கிணத்தடியிலதான் இருக்கு. நேத்து மழைக்கு அப்புறம் ஒண்ணத் தூக்கிப் பாத்தேன், அடியில மூணு புழு.