சேர் கேட்ட அபிப்பிராயம்

எங்கள் பள்ளிக்கூடத்துச் சேர் போன மார்கழியில் காலமானார். வட்சப்பில் செய்தி வந்தபோது நான் ஸ்காபரோவில் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றேன். அடுத்த கிழமையே நினைவு மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணை, நீங்கள்தானே சேரின்ர படப்பிடிப்புக் கழகத்தில நிண்டனீங்கள். அவரைப் பற்றி நல்லதா ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார்.

"நல்லா இருக்கு", "வடிவா இருக்கு" என்ற இரண்டையும் சேர் எங்களுக்குத் தடை செய்திருந்தார். ஆகவே இது ஒரு பக்கத்துக்குள் அடங்காது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி, பௌதிக ஆய்வுகூடம். யன்னல் பக்க வாங்கு யாருக்கு, பிளேன்ரீக்குக் கன்ரீனுக்கு ஓடுவது யார் என்பதெல்லாம் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கரும்பலகையின் சோக்கட்டி விளிம்பில் படத்தை நிறுத்தி வைப்போம். எடுத்தவன் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழும்பி "நான் காணுறது" என்று தொடங்கித்தான் கதைக்க வேண்டும். கண்டதைச் சொல்லி முடித்த பிறகே அது சரியா பிழையா என்ற கதை வரும். "கண்ணால முதல் பாரும், பிறகு வாயைத் திறவும்" என்பார். மேசை லாச்சியிலிருந்து பித்தளை வளையம் போட்ட ஒரு பெரிய லென்ஸை எடுத்து, பேசப்போகிறவனின் கையில் வைப்பார். அதன் பாரம் இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

1977க்கு முன்னர் பிலிம் என்பது யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் உண்டு. இறக்குமதி திறந்துவிட்ட பிறகுதான் கடையில் காணத் தொடங்கினோம். அப்போதும் காசு காசுதான். ஒரு சுருளில் 12 படம், கழகத்தில் ஆறு பேர், ஆளுக்கு இரண்டு. கமரா சேருடைய சொந்த யசிக்கா. நெஞ்சுக்குக் கீழே பிடித்து, தலையைக் குனிந்து மேலிருந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். உள்ளே எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். இரசாயனக் களஞ்சிய அறைதான் எங்கள் இருட்டறை. படம் கழுவும் டெவலப்பருக்கு 20 பாகை வேண்டும், எங்கள் தண்ணீரோ 28இல் நிற்கும். ஒருவன் சைக்கிளில் போய் மீன் சந்தையில் ஐஸ் கட்டி வாங்கி வருவான். போத்தலைச் சுற்றி ஐஸை வைத்துவிட்டு, மீன் வெடுக்கும் ஹைப்போ மருந்து மணமும் கலந்த இருட்டில் சிவப்பு வெளிச்சத்துக்குக் கீழே நிற்போம். வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மெல்ல வருவதை அங்கே பார்த்தவன் வாழ்நாளில் அதை மறக்கமாட்டான்.

1979 தை மாதக் கடைசியில் சேர் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம், 1833 என்று சமூகக் கல்வியில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். 48 வயதில் மகளும் மருமகனும் கொடுத்த கமராவோடு தொடங்கியவர். வீட்டு வேலைக்காரிகளையும் அயலவர்களையும் போர்வை சுற்றி நிறுத்தி, மாதாவாகவும் கதைகளில் வரும் அரசிகளாகவும் படமெடுத்தவர். 1875இல் கணவனோடு இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரி 26இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம். "சரியா நூறு வருசம்" என்று சேர் கரும்பலகையில் எழுதினார்.

மரியான் நோர்த் என்ற ஓவியர் 1877இல் களுத்துறையில் அவருடைய வீட்டுக்குப் போன கதையையும் சொன்னார். கமரன் அந்த ஓவியருக்குக் காஷ்மீர்ச் சால்வை போர்த்தி, தலைமயிரை அவிழ்த்து விட்டு, தென்னோலை தலையில் குத்துகிற மாதிரி உச்சி வெயிலில் நிறுத்தி, இயல்பாக நில் என்றாராம். எவ்வளவு பாடுபட்டும் கண்ணாடித் தட்டில் விழுந்தது சுவாரசியமில்லாத ஒரு சாதாரண ஆள்தான் என்று நோர்த் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்துவிட்டார். "பாத்தியளோ, படத்தில நிண்ட ஆளே விமர்சனம் எழுதியிருக்கிறா. அதுக்காக ரெண்டு பேரும் பகையாகேல்ல" என்றார் சேர். பிறகு எங்களைப் பார்த்து, "இந்த மாதம் எல்லாரும் ஒரு சோடிச்ச படம் எடுத்து வாங்கோ" என்றார்.

சோடிச்ச படம் என்ற சொல் அன்றிலிருந்து எங்களிடம் நின்றுவிட்டது.

நான் அப்பாச்சியைச் சோடித்தேன். லண்டனில் சித்தப்பா, ஊரில் தாய், கையில் முத்திரை அச்சிட்ட நீல ஏரோகிராம் கடிதம். எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தும் பரணிலிருந்து அரிக்கன் லாம்பை இறக்கித் துடைத்து ஏற்றினேன். பக்கத்தில் ஓலைப் பெட்டி, வெற்றிலைத் தட்டம். நல்ல சீலையோடு வந்த அப்பாச்சியைத் திருப்பி அனுப்பி, கிழிந்ததை உடுத்தி வரச் செய்தேன். "என்னடா ராசா, பிச்சைக்காரி மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டே உடுத்தி வந்தா. ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் இருந்தா. எனக்குக் கிடைத்த இரண்டு படத்தையும் அவவுக்கே செலவழித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை படத்தை விளிம்பில் வைத்தபோது ஒரு சத்தமும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை. முதல் எழும்பியவன் அப்பாச்சியின் சுருக்கங்களைச் சொன்னான், இரண்டாமவன் லாம்பைச் சொன்னான். பிறகு சேர் தானே லென்ஸை எடுத்துக்கொண்டு கிட்டப் போனார். கனநேரம் பார்த்தார்.

"நான் காணுறது, யன்னல் இடப் பக்கம். முகத்தில வெளிச்சமும் இடப் பக்கம். லாம்பு வலப் பக்கத்தில எரியுது, ஆனா அந்தப் பக்கக் கன்னம் இருட்டு. இந்த லாம்பு ஒருத்தருக்கும் வெளிச்சம் குடுக்கேல்ல."

லென்ஸ் கீழே இறங்கியது.

"நான் காணுறது, ஏரோகிராமில இங்கிலாந்து ராணி தலைகீழா நிக்கிறா."

ஆய்வுகூடமே சிரித்தது. பக்கத்து வகுப்பில் ரியூசனுக்கு நின்றவர்கள்கூட யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். என் காது கொதித்தது. அப்பாச்சிக்கு எழுத்துத் தெரியாது. கடிதத்தை நான் கையில் கொடுத்தபடியே பிடித்திருந்தா. கண்ணாடிக்குள் குனிந்து ஒன்றரை மணித்தியாலம் பார்த்த நான் அதைக் காணவில்லை.

சேர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்று, என்னிடம் திரும்பினார்.

"அப்பாச்சி வாசிப்பாவோ?"

"இல்லை சேர்."

"அப்ப கடிதம் வந்தா ஆர் வாசிக்கிறது?"

"நான்தான் சேர்."

"அப்ப நீர் ஏன் படத்தில இல்லை?"

அதற்கு அன்றைக்கு எனக்கு மறுமொழி இல்லை. படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழித்து அடுப்புக்குள் போட்டேன். இரண்டு வெள்ளிக்கிழமை கழகத்துக்குப் போகவில்லை. மூன்றாவது வெள்ளி சேர் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். அப்பாச்சியின் கையால் தேத்தண்ணி குடித்தார். "உம்மட படத்தில ஒரு சரக்கு இருந்தது, அதாலதான் அவ்வளவு நேரம் பாத்தனான். மற்றவங்கட படத்தை நான் அப்பிடிப் பாக்கேல்ல, கவனிச்சீரோ?" என்று கேட்டார். போகும்போது, யசிக்காவில் தானாக அடிக்கிற நெம்பு இருக்கிறது, அதை இழுத்துவிட்டுப் போய் அப்பாச்சிக்குப் பக்கத்தில் இருந்து கடிதத்தை வாசியும் என்றார். சரி சேர் என்றேன். சோதனை வந்தது, பிறகு வேறு என்னென்னவோ வந்தது. அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

1983க்குப் பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவை. 1984இல் நான் வெளிக்கிட்டேன். இரண்டு வருடம் கழித்து அப்பாச்சி போய்விட்டா. அந்த இரண்டு வருடமும் மாதம் ஒரு கடிதம் எழுதினேன், "அன்புள்ள அப்பாச்சிக்கு" என்றுதான் தொடங்குவேன். வீட்டில் அப்போது பிள்ளைகள் ஒருவரும் இல்லை. அந்தக் கடிதங்களை அவவுக்கு ஆர் வாசித்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்பதற்கு ஆளில்லை.

பாரிஸ் நகரசபைக்கு முன்னால் ஒரு பெடியனும் பெட்டையும் முத்தமிடுகிற படத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். ரொபேர் துவானோ 1950இல் எடுத்தது. தெருவில் தற்செயலாகக் கண்டு எடுத்ததென்று உலகமே நம்பியிருந்தது. ஆட்களை நிறுத்தி எடுத்ததுதான் என்று 1993இல் வழக்கு மன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அதைப் பத்திரிகையில் வாசித்ததும் சேரோடு கதைக்கவேண்டும் என்று மனம் துடித்தது. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத காலம் அது.

2003இல், ஏ9 வீதி திறந்து ஆட்கள் போய்வரத் தொடங்கிய பிறகு, ஊருக்குப் போன ஒருவரிடம் சேர் ஒரு கடித உறை கொடுத்துவிட்டிருந்தார். உள்ளே 12க்கு 10 அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அவரே போட்ட பிரிண்ட். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, சேரும் அவருடைய மனைவி ரீச்சரும் மற்றவர்களைப் போலவே வீட்டைப் பூட்டிவிட்டு நாவற்குழிப் பக்கம் நடந்தவர்கள். யசிக்காவைச் சேர் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தாராம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. திரும்பி வந்த அந்தக் கணத்தை ஏழு வருடம் கழித்துச் சோடித்து எடுத்திருந்தார். படத்தில் கேற்றடியில் ரீச்சர், ஒரு கையில் சூட்கேஸ், மறுகையில் திறப்பு. படத்தின் பின்பக்கம் பென்சிலால், "உமது அபிப்பிராயம் வேண்டும். ஒளிக்காமல் எழுதும்" என்று இருந்தது.

நான் எழுதினேன்: "அருமையான படம் சேர். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது."

கண் கலங்கியது உண்மை. ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகு எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. சொல்ல நா எழவில்லை. அந்த இரவில் நான் நடக்கவில்லை. என் வீட்டுக்குக் கூரை இருந்தது, ஹீற்றர் இருந்தது. அவர்கள் பட்டதை நான் இங்கே சோபாவில் இருந்துகொண்டு, வெளிச்சம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். ஒரு மாதத்தில் சேரிடமிருந்து தபாலட்டை வந்தது. "கண் கலங்கியது சரி. படத்தில் என்ன கண்டீர்?"

அதற்கு நான் மறுமொழி எழுதவில்லை. நாளைக்கு, அடுத்த கிழமைக்கு என்று போயே போய்விட்டது. வருடப் பிறப்புக்குத் தொலைபேசியில் கதைப்போம். பிறகு அவர் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. வேறு படம் அனுப்பவும் இல்லை.

சேர், இப்போது எழுதுகிறேன்.

நான் காணுறது, துருப்பிடித்த கேற்றில் பளபளக்கிற புதுப் பூட்டு. படத்துக்கென்று வாங்கியது என்று தெரிகிறது. நான் காணுறது, சூட்கேஸ் பிடித்த கையில் பாரம் இல்லை. தோள் சரியவில்லை. அது வெறும் சூட்கேஸ். ரெண்டு கல்லாவது உள்ளே வைத்திருக்க வேண்டும். திறப்பை ரீச்சர் எங்களுக்குக் காட்டுகிற மாதிரிப் பிடித்திருக்கிறா. அவவின் கண் பூட்டிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. நீங்கள் எப்போது "சரி" என்று சொல்வீர்கள் என்று உங்களைப் பார்க்கிறா. வெயில் உச்சியில் நிற்கிறது. கமரன் செய்த அதே பிழை, நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. காலை ஏழு மணிக்கு எடுத்திருந்தால் முகம் தெரிந்திருக்கும்.

ஆனால் சேர், இடப் பக்கம் கீழ் மூலையில், மதில் நிழலுக்குள், ரீச்சரின் செருப்புக் கிடக்கிறது. கோயில் வாசலில் விடுகிற மாதிரிச் சோடியாக, குதி வெளியே பார்க்க. சொந்த வீட்டுக் கேற்றுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கிறா. மற்றதெல்லாம் நீங்கள் சோடித்தவை, இது தானாக வந்தது. படமே இந்த மூலையில்தான் இருக்கிறது. நீங்கள் அதை இருட்டில் விட்டுவிட்டீர்கள். பிரிண்ட் போடும்போது அந்த இடத்தைக் கையால் கொஞ்சம் மறைத்து ஒளியைக் குறைத்திருந்தால், செருப்பு வெளியே வந்திருக்கும்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, மலருக்கு அனுப்ப முன்னம் ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவவுக்குக் கண் இப்போது அவ்வளவு தெரியாது, ஆகவே நான்தான் வாசித்தேன். பூட்டுக் கதைக்குச் சிரித்தா. சூட்கேஸுக்கு, "நான் அப்பவே சொன்னனான்" என்றா. செருப்பு வந்ததும் மறித்தா.

"தம்பி, அது தானா வந்ததெண்டு ஆர் சொன்னது?"

நான் பேசவில்லை.

"கேற்றடி முழுக்க நெருஞ்சி முள்ளு. நான் கழட்டமாட்டன் எண்டனான். ரெண்டு நிமிசம் எண்டு கெஞ்சிக் கழட்ட வைச்சவர். பிரிண்ட் போட்டாப் பிறகு பாத்தா, அது இருட்டுக்குள்ள போட்டுது. இதை ஒருத்தரும் காணமாட்டினம் எண்டன். அவன் லென்ஸ் வைச்சுப் பாப்பான், அவன் காணுவான் எண்டவர்."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பிறகு ரீச்சர் சொன்னா:

"கன நாளா, தபால்காரன்ர மணிச் சத்தம் கேட்டா அவர்தான் எழும்பிக் கேற்றடிக்குப் போறவர்."