பெரியப்பாவுக்கு விழுந்த செக்

செவ்வாய்க்கிழமை பேங்கிலிருந்து பெரியப்பா திரும்பிய வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு செருப்பு வாசலில், இன்னொன்று துளசி மாடத்தடியில். காவேரிப்பட்டணம் மண்டிக்காரர் மாங்காய்க்குக் கொடுத்த செக்கை ஜூன் மாசத்திலிருந்து பஞ்சாங்கத்துக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். கவுன்டர் பெண் தேதியைப் பார்த்துவிட்டு, "ஸ்டேல் ஆயிடுச்சுங்க ஐயா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். போட்ட தேதியிலிருந்து மூன்று மாசம்தான் செக்குக்கு ஆயுசு. 2012 ஏப்ரலுக்கு முன்னால் ஆறு மாசம் இருந்தது. பெரியப்பாவுக்கு இன்னும் 2011தான் நடக்கிறது.

திண்ணையில் குட்டியும் எதிர்வீட்டு வாத்தியார் மகளும் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவர் படியேறவும் அவன் "செக்!" என்று கத்தவும் சரியாக இருந்தது.

"எவன்டா உனக்குச் சொன்னது?"

ஆட்டத்தில் சொன்ன செக் என்று புரியவைக்கவே கால் மணி நேரம் ஆனது. அது வேற செக், இது வேற செக் என்றார் பெரியப்பா. ரெண்டும் ஒண்ணுதான் என்றாள் வாத்தியார் மகள். ராயக்கோட்டை ரோட்டு போண்டா ஒரு பிளேட் பந்தயம். தீர்ப்புக்கு வாத்தியார் வந்தார். அவர் வந்தால் சும்மா போகமாட்டார் என்று தெருவுக்கே தெரியும்.

எல்லாத்துக்கும் மூலம் பாரசீகத்து 'ஷா', அதாவது ராஜா. ராஜாவுக்கு ஆபத்து வந்தால் "ஷா!" என்று எச்சரிக்க வேண்டும். அது அரபி வழியாக லத்தீனுக்குப் போய் 'ஸ்காக்குஸ்' ஆனது. பழைய பிரெஞ்சில் 'எஷெக்'. அதன் பன்மை இங்கிலீஷில் செஸ், ஒருமை செக். ராஜாவைத் தடுப்பது செக் என்றால், எதைத் தடுத்தாலும் செக். தடுத்து நிறுத்திச் சரிபார்த்தாலும் செக். கள்ளக் கையெழுத்தைப் பிடிக்க, கிழித்துக் கொடுத்ததைச் சரிபார்க்கும் அடிக்கட்டைக்கு 'செக்' என்று பெயர் வந்தது. பிறகு அடிக்கட்டையை விட்டுவிட்டுக் கிழித்த தாளுக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

"அப்போ ஜூஜூவாடி செக்போஸ்ட்?" என்றார் லாரி ஓட்டும் சித்தப்பா. அதுவும்தான். பெரியப்பா கட்டியிருந்த செக்டு லுங்கியும் அதே குடும்பம், செஸ் போர்டு கட்டம். இங்கிலாந்து நிதியமைச்சர் பட்டத்தில் வரும் 'எக்ஸ்செக்கர்' கூட அந்தப் பலகைதான். 12ஆம் நூற்றாண்டில் பத்தடிக்கு அஞ்சடி மேசையில் கட்டம் போட்ட துணியை விரித்து, காசுக்குப் பதில் வில்லைகளை நகர்த்தி அரசாங்கக் கணக்குப் பார்த்தார்கள். லுங்கியை விரித்து வரவுசெலவு பார்த்த மாதிரி என்று சித்தப்பா சொன்னதற்குப் பெரியப்பா ஒரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ரேஷன் கடை மாதிரி. பெரியம்மா சமையல்கட்டிலிருந்து, "மரச்செக்கு?" இல்லை, அது நம்ம சொந்தச் சரக்கு. செக் நாடு? இல்லை, அது அந்த ஊர் ஜனங்களின் பெயர். செக்மேட்டில் வரும் மேட்டுக்கு வழியில்லாமல் மாட்டிக்கொண்டவன் என்று அர்த்தம். ரூம்மேட்டில் வரும் மேட் வேறு, ஒரே சோற்றைப் பங்கு போட்டவன். சத்தம் ஒன்றாக இருக்கிறதென்று சம்பந்தம் பேசக்கூடாது, பழைய உருவத்தைப் பார்க்கணும் என்றார் வாத்தியார். நியாயம்தான். சதுரங்கத்தையே சதுரம் கூட்டல் அரங்கம் என்று பிரிப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். அது சதுர் அங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்று படையின் நாலு உறுப்பு.

செஸ்ஸில் காலாளுக்கு இங்கிலீஷில் பான் என்று பெயர். காலாள் என்றதும் குட்டி, "பான் புரோக்கர் கடைப் பானும் இந்தப் பானும் ஒண்ணா?" என்றான். இல்லை. அடகுப் பான் பிரெஞ்சில் ஈடு என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆட்டத்துப் பான் லத்தீனில் பாதம் என்ற சொல்லிலிருந்து, நடந்து போகும் சிப்பாய். அதே வேரில்தான் போர்ச்சுக்கீசியர் வழியாக நமக்கு வந்த பியூன்.

திண்ணையில் சத்தமே இல்லை. முப்பத்தோரு வருஷம் பியூனாக இருந்து ரிட்டயர் ஆனவர் பெரியப்பா.

"சிப்பாய் எட்டாவது கட்டம் போனா ராணி ஆயிடும் தாத்தா" என்றான் குட்டி, ஆறுதலாம்.

"நம்ம ஆபீஸ்ல ஏழாவது கட்டத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார வெச்சிருவான்டா. ரெக்கார்டு கிளர்க் ஆக்குறேன்னு எழுதி வாங்கினது இன்னும் பீரோல இருக்கு."

"அதுவும் ஸ்டேல் ஆகியிருக்கும்" என்றாள் பெரியம்மா உள்ளேயிருந்து.

பந்தயத்தில் தோற்றதை அவர் ஒத்துக்கொண்டார். போண்டாவுக்கு மட்டும் அடுத்த மாசத் தேதி போட்டு செக் தருகிறாராம். வாத்தியார் மகள் விவரமான பெண்.

"மூலையில ரெண்டு கோடு போட்டுராதீங்க தாத்தா. அப்புறம் அக்கவுன்ட்லதான் விழும், கையில காசா தரமாட்டாங்க."