சாரணர் பேட்ஜ்: தேர்வு நாளுக்கு முன் கையில் ஏற வேண்டியவை

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே பேட்ஜ் இருந்தது. வந்த சிறுவர்களுக்கு முதலில் பித்தளையில் லில்லி மலர்ச் சின்னம் கொடுத்தார்கள். முடிச்சு, தடம் பார்த்தல் போன்றவற்றில் தேறிய பிறகுதான் ‘தயாராக இரு’ என்ற வாசகப் பட்டை கிடைத்தது. அதன் பிறகு பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறிவிட்டது. செய்து காட்டினால்தான் சின்னம் என்பது மட்டும் மாறவில்லை. பள்ளித் தேர்வுக்குப் படிப்பதுபோல் கடைசி வாரத்தில் உட்கார்ந்து இதைத் தேற முடியாது.

சாரணர் இயக்கத்தில் ஏணி எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். உறுதிமொழி, சட்டம், வணக்கம், சீருடை ஆகியவற்றை அறிந்து சேர்க்கை பெறுவது முதல் படி. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக நிலைகள். கூடவே முதலுதவி, சமையல், நீச்சல் என்று துறைவாரியாகத் திறன் பேட்ஜுகள். உச்சியில் ஒரு பெரிய விருது. இந்தியாவில் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது என்று வரிசை போகிறது. அமெரிக்காவில் ஸ்கவுட் முதல் ஈகிள் வரை ஏழு நிலைகள். ஈகிளுக்கு 21 மெரிட் பேட்ஜுகளும் ஒரு சேவைத் திட்டமும் வேண்டும், எல்லாம் 18 வயது நிறைவதற்குள் முடிய வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது காலக் கணக்கில். மேலே வயது வரம்பு இருக்கிறது. நிலைகளுக்கு நடுவே குறைந்தபட்சக் காத்திருப்பும் இருக்கிறது. அமெரிக்க முறையில் ஈகிளுக்கு முந்தைய இரு நிலைகளான ஸ்டாரிலிருந்து லைஃபுக்கு 6 மாதம், லைஃபிலிருந்து ஈகிளுக்கு மறுபடி 6 மாதம். திறமை இருந்தும் மாதங்கள் போதாமல் விருது கைநழுவிப் போவது இப்படித்தான். வயது வரம்பு முடியும் தேதியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். உடற்பயிற்சி, சேமிப்பு, செடி வளர்ப்பு போல வாரக்கணக்கில் பதிவு கேட்கும் பேட்ஜுகளை முதலில் தொடங்க வேண்டும். அவற்றை அவசரப்படுத்தவே முடியாது.

இனி கைவேலை. முடிச்சுத் தேர்வில் தோற்பவர்களில் பெரும்பாலோருக்கு முடிச்சு தெரியாமல் இல்லை. மேசைமேல் வைத்து, ஒரே கோணத்தில், ஒரே கயிற்றில் பழகியிருப்பார்கள். தேர்வாளர் அதையே ஒரு கம்பத்தில், அல்லது இடுப்பைச் சுற்றிப் போடச் சொன்னால் கை நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டும், முதுகுக்குப் பின்னாலும், ஈரக் கயிற்றிலும் போட வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் முடிச்சு உங்களுடையது.

ரீஃப் நாட் என்ற முடிச்சில் வலது நுனியை இடதின்மேல், பிறகு இடதை வலதின்மேல் போட வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் கிரானி நாட் என்ற தவறான முடிச்சு ஆகிவிடும்; நழுவும். பார்த்த உடனே கண்டுபிடிக்கலாம்: சரியான முடிச்சில் நுனிகள் கயிற்றோடு இணையாகப் படிந்திருக்கும், தவறானதில் குறுக்கே துருத்தி நிற்கும். ரீஃப் நாட் கட்டுத்துணிக்கும் பொட்டலத்துக்கும் உரியது. பாரம் தாங்கும் இரு கயிறுகளை அதனால் இணைக்கவே கூடாது, பக்கவாட்டில் இழுபட்டால் புரண்டு அவிழ்ந்துவிடும். கனம் வேறுபட்ட கயிறுகளை இணைக்க ஷீட் பெண்ட் என்ற முடிச்சு. வளைத்துப் பிடிக்க வேண்டியது தடித்த கயிற்றை. எந்த முடிச்சு எதற்கு, ஏன் என்பதையும் தேர்வாளர் கேட்பார். அந்த ‘ஏன்’ தெரியாதவருக்கு பேட்ஜ் கொடுக்காமல் இருப்பதே நியாயம் என்பது என் கருத்து.

கம்புகளைக் கயிற்றால் பிணைக்கும் லாஷிங்கில் முதல் தவறு கயிற்றின் நீளம். தலா 5 செ.மீ. கனமுள்ள இரண்டு கம்புகளைக் கட்டச் சுமார் 4 மீட்டர் வேண்டும். ஸ்கொயர் லாஷிங்குக்கு, செங்குத்துக் கம்பில் குறுக்குக் கம்புக்குச் சற்றுக் கீழே க்ளோவ் ஹிட்ச் (கயிற்றைக் கம்பில் சுற்றிப் பிடிக்கவைக்கும் முடிச்சு) போட்டு, சிறு நுனியை நீண்ட கயிற்றோடு முறுக்கிவிடுங்கள். குறுக்குக் கம்புக்கு முன்னாலும் செங்குத்துக் கம்புக்குப் பின்னாலுமாக மூன்று சுற்று. கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும், ஒவ்வொரு சுற்றையும் அப்போதே இழுத்து இறுக்க வேண்டும். அடுத்து இரு கம்புகளுக்கும் இடையே கயிற்றை நுழைத்து, முன்பு சுற்றியவற்றையே நெரிக்கும் ஃப்ராப்பிங் சுற்றுகள் இரண்டு அல்லது மூன்று. குறுக்குக் கம்பில் க்ளோவ் ஹிட்சோடு முடியும். ஆடுகிற கட்டு பெரும்பாலும் ஃப்ராப்பிங்கில் கஞ்சத்தனம் காட்டிய கட்டுதான். மேலே எத்தனை சுற்று கூட்டினாலும் அது இறுகாது.

திசைகாட்டியில் அடிக்கடி நேர்வது 180 டிகிரிப் பிழை. வரைபடத்தில் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் திசைகாட்டித் தட்டின் விளிம்பால் இணைக்கும்போது, தட்டில் வரைந்துள்ள பயண அம்பு சேருமிடத்தை நோக்கியிருக்கிறதா என்று ஒரு முறை விரலால் தொட்டுச் சரிபாருங்கள். டிகிரி குறித்த வட்டத்தைத் திருப்பி அதன் கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாக்கும்போதும் உள் அம்பு வரைபடத்தின் வடக்கையே காட்ட வேண்டும். முள் காட்டும் காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: 5 டிகிரி பிசகினால் 1 கிலோமீட்டரில் ஏறக்குறைய 87 மீட்டர் விலகிவிடுவீர்கள். செல்போன், கத்தி, இரும்பு பக்கிள் எல்லாம் முள்ளை இழுக்கும். மர உயரம் அளப்பது இதைவிட எளிது. 1.5 மீட்டர் கம்பின் நிழல் 1 மீட்டர், மரத்தின் நிழல் 6 மீட்டர் என்றால் மரம் 9 மீட்டர். இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

முதலுதவியில் பழைய கையேடுகளை நம்பிப் படிப்பது ஆபத்து. பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கைவிடப்பட்டவை. கடிபட்டவரை அசையாமல் வைத்து விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் முறை. தீக்காயத்தை 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள். ஐஸும் பற்பசையும் வேண்டாம். ரத்தம் வரும் இடத்தை விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவே துணியை எடுத்துப் பார்ப்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று வையுங்கள். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் சி.பி.ஆரில், பெரியவர்களுக்கு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம், 5 முதல் 6 செ.மீ. ஆழம். பொம்மையில் பழகாமல் அந்த ஆழம் கைக்குப் பிடிபடாது.

லாக் புக்கை அன்றன்றே எழுதுங்கள். தேதி, இடம், தூரம், உடன் வந்தவர்கள், செய்த வேலை, பொறுப்பாளர் கையொப்பம் இருந்தால் போதும். ஒரே பேனாவில் ஒரே நாளில் ஓராண்டுக்கானதை எழுதியது பார்த்தவுடன் தெரிந்துவிடும். கையொப்பமிட வேண்டியவர் இடம் மாறிப் போயிருந்தால் உண்மையாகவே செய்த வேலைக்கும் சான்று இருக்காது.

சேவைத் திட்டத்தில் பெற்றோர் கை ஓங்கிவிடுவது வருத்தமான விஷயம். அப்பா பேசி அனுமதி வாங்கி, அம்மா பொருள் வாங்கி, பிள்ளை புகைப்படத்தில் நின்றால், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்படும். ‘ஆள் வராதபோது என்ன செய்தாய்?’ என்று கேட்பார்கள். வேலையைத் தானே நடத்தியவருக்கு இதற்குப் பதில் தயாராக இருக்கும். திட்டத்துக்கான ஒப்புதலை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்; முடித்த பிறகு கேட்டால் பல இடங்களில் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

ஒரு பகுதியில் தேறாமல் போனால் எந்த இடத்தில் தவறியது என்று தேர்வாளரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தவறிய பகுதியை மட்டும் மறுபடி செய்து காட்ட வாய்ப்புக் கிடைக்குமா என்று சாரண ஆசிரியரிடம் அன்றே பேசிவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே முடிச்சை அணியில் இளையவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கற்றுக்கொடுக்கும்போது உங்கள் கை எங்கே தடுமாறுகிறதோ, மறுதேர்வுக்கு முன் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.