டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு வரி

முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒன்றில் நான் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2009, ஆடி மாதம். ஒரு பெரியவர் என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பட்டாளத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான், வேலை முடியும்வரை நின்றே பேசுவார்கள். மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் துணி, துணிக்குள் டிஸ்சார்ஜ் புத்தகம், பட்டாளத்திலிருந்து விலகும்போது கொடுக்கிற சர்வீஸ் விவரப் புத்தகம். அட்டையில் குங்குமம் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது.

"ஆயுத பூஜைக்கு இதையும் வெச்சுதான் படைப்போம்மா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதுல ஒரு பேரு எழுதணும்" என்றார்.

புத்தகத்தைப் பிரித்தேன். 1963இல் சேர்ந்திருக்கிறார். சீனப் போருக்குப் பிறகு ஆள் எடுத்த காலம். 71 போரில் கிழக்குப் பக்கம் இருந்ததற்குப் பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல். 1979இல் வீட்டு நிலைமை காரணமாகத் தானே கேட்டு விலகியிருக்கிறார். நன்னடத்தைக்கு நேரே மிக உயர்ந்த மதிப்பீடு. பதினாறு வருட சர்வீஸ், அதனால் ஓய்வூதியத்துக்குத் தேவையான பதினைந்தைத் தாண்டிவிட்டார். குடும்பப் பக்கத்தில் மனைவி என்று ஒரு பெயர், இரண்டு மகள்களின் பெயர்.

அந்த மனைவிக்கு உடம்பு முடியாமல் போனதால்தான் வேலையை விட்டு வந்தார். 1981இல் மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த மனைவியின் தங்கையையே 1983இல் ஊர்க் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இப்போது தங்கைக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கு 2003இல் வந்த மருத்துவத் திட்டத்தில் அட்டை வாங்கப் போனால், உங்கள் மனைவி பெயர் வேறு அல்லவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏன் ஐயா இத்தனை வருடம் விட்டீர்கள் என்று கேட்டேன். "ரிட்டயர் ஆனப்புறம் கட்டுன சம்சாரத்துக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னாங்கம்மா" என்றார். அவர் கேட்டது பொய்யும் இல்லை. ஒரு காலத்தில் விதி அப்படித்தான் இருந்தது. 1989இல் பகவந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்குப் பின் மணந்த மனைவியைக் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இவர் காதுக்கு இருபது வருடமாக வந்து சேரவில்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊராக இருந்தால் டீக்கடையிலேயே தெரிந்திருக்கும். இவர் ஊரில் இவர் ஒருவர்தான்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நாங்கள் பேனா வைக்க முடியாது. சர்வீஸில் இருக்கும்போது கல்யாணம், குழந்தை எல்லாவற்றையும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவாகப் போட்டுப் பதிந்துவிடுவார்கள். வெளியே வந்த பிறகு எது மாறினாலும் அவரவர் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ்தான் செய்ய வேண்டும். விண்ணப்பம், பிரமாணப் பத்திரம், தம்பதியின் போட்டோ, சான்றுகளின் நகல் எல்லாவற்றையும் நாங்கள் சரிபார்த்து அனுப்புவோம். அவர்கள் ஒப்புக்கொண்டால் ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் திருத்திய பி.பி.ஓ., அதாவது ஓய்வூதிய ஆணை, போடும். சொல்வதற்கு நாலு வரிதான்.

நான் மாட்டிக்கொண்டது இரண்டு இடத்தில். அக்கா 1981இல் வீட்டிலேயே இறந்தவர், யாரும் பதியவில்லை. தங்கையின் கல்யாணத்துக்கும் பதிவு இல்லை. தமிழ்நாட்டில் கல்யாணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே அந்த 2009 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அக்கா இறந்த பிறகுதான் தங்கையைக் கட்டினார் என்று காட்டாவிட்டால் இரண்டாவது கல்யாணமே செல்லாததாகிவிடும். அவர் சொன்னதைத் தவிர என் கையில் எதுவும் இல்லை.

இருந்ததை வைத்து அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு பெண்களுக்கும் தகப்பன் பெயர் ஒன்று, ஊர் ஒன்று. பெயர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, இரண்டுமே 'அம்மாள்' என்று முடியும். இருவரும் ஒரே நபர்தானா, அப்படியானால் அதற்குப் பிரமாணப் பத்திரம் அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள்.

எங்கள் பிரிவில் அனுபவமுள்ள ஒருவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "அவங்களே வழி காட்டிட்டாங்க. ரெண்டும் ஒரே ஆள்னு ஒரு அஃபிடவிட் போடு, ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்" என்றார். உதவி செய்யத்தான் சொன்னார். எனக்கும் அந்த அம்மாவின் ஆபரேஷன்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. பத்திரத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன். பெரியவர் கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அவ இருந்ததே இல்லேன்னு நான் கையெழுத்துப் போடணுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மாதான் மேசைக்கு அருகில் வந்தார். "நான் ரேஷன் கார்டுல இருக்கேன், ஓட்டு அட்டையில இருக்கேன். இவரு புத்தகத்துல மட்டும் இல்ல. பரவாயில்லம்மா. வருஷா வருஷம் அதுக்குக் குங்குமம் வெக்கிறது நான்தான். எங்கக்கா பேரு உள்ள இருக்குன்னுதான் வெக்கிறேன். என் பேரு எழுதறதுக்கு அக்கா பேர அடிச்சிருவாங்கன்னா வேணாம்" என்றார்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஒரு வருடம் கடந்துபோன மரணத்தைப் பதிய 1969ஆம் வருடச் சட்டப்படி அப்போது கோர்ட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அதற்குச் சாட்சி தேடினோம். பெரியவரின் டிரங்குப் பெட்டியில், சீருடைக்கு அடியில், அக்காவின் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை இருந்தது. கறுப்புக் கரை போட்ட அட்டை, தேதி, அச்சகத்தின் பெயர், அடியில் இவர் பெயரோடு 'எக்ஸ் மிலிட்டரி' என்று. அதைக் கையில் வாங்கியபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு வந்தது. கோர்ட்டில் ஏழு மாதம் ஆனது. கல்யாணத்தைச் சார்பதிவாளரிடம் பதிந்தார்கள். கோயில் பூசாரியின் மகன் வந்து சாட்சி சொன்னார். மறுபடி அனுப்பினோம். ஒரு தாளில் 'அம்மாள்', இன்னொன்றில் 'அம்மா' என்று இருப்பதாக ஒருமுறை திரும்பி வந்தது. அதையும் சரிசெய்து அனுப்பினோம். இதற்கிடையில் ஆபரேஷனை அரசு மருத்துவமனையில் செய்துகொண்டுவிட்டார்கள்.

2011 தை மாதம் புத்தகம் திரும்பி வந்தது. அக்காவின் பெயருக்கு நேரே இறந்த தேதி. அதற்குக் கீழே தங்கையின் பெயர், கல்யாணத் தேதி, முத்திரை, கையெழுத்து. மேல் வரியில் ஒரு கோடுகூட இல்லை.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் விதவைகள். கணவர் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, அவர் போன பிறகு, நான்தான் மனைவி என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடுகிற வேலையாகிவிடுகிறது. இத்தனைக்கும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாத மொழியில், அவர் பார்த்தே இராத ஒரு கிளார்க், அவர் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஓய்வு பெறும் நாளில் அந்தக் குடும்பப் பக்கத்தை மட்டுமாவது வீட்டுக்காரியையும் உட்கார வைத்து அவர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன். இப்போது ஓய்வூதிய வேலை எல்லாம் ஸ்பர்ஷ் என்று கணினிக்கு மாறிவிட்டது. ஆனால் பழைய புத்தகத்தில் இருந்த தப்புதான் அதிலும் ஏறியிருக்கிறது. மனைவியின் பிறந்த தேதி தப்பாக இருந்தால், குடும்ப ஓய்வூதியத்தில் 80 வயதில் கூட வேண்டிய 20 சதவீதமும் சிக்கிக்கொள்ளும். பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு வந்தாலும் சரி, சும்மா விசாரிக்க வந்தாலும் சரி, நான் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பெரியவர் 2014இல் காலமானார். நாற்பது நாள் கழித்து அந்த அம்மா மூத்த மகளோடு வந்தார். இறப்புச் சான்று, திருத்திய பி.பி.ஓ., வங்கிப் புத்தகம் எல்லாம் சரியாக இருந்தன. படிவத்தை நிரப்பி அனுப்ப அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எந்தக் கேள்வியும் கேட்டு அது திரும்பி வரவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தை நகல் எடுக்க வாங்கினேன். அட்டையில் பழைய குங்குமத்தின் மேல் புதுசாக வைத்திருந்தது, என் விரலில் ஒட்டிக்கொண்டது.

"நீங்க வெச்சதாம்மா?" என்றேன்.

"நான் எப்படி வெப்பேன், இவதான் வெச்சா" என்று மகளைக் காட்டினார்.